கையில் இருந்ததை வைத்து: ஷீலா தீட்சித்

2019 ஜூலை 20 அன்று தில்லியின் முன்னாள் முதல்வர் ஷீலா தீட்சித் காலமானபோது, நவீன தில்லியின் சிற்பி மறைந்தார் என்று எழுதாத பத்திரிகை அரிது. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பு இதே தில்லி அவரை அவருடைய சொந்தத் தொகுதியிலேயே 25,864 வாக்குகளில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது. இந்த இரண்டு தீர்ப்புகளும் எனக்கு அவசரமாகவே படுகின்றன.

தேசிய அரசியலில் அவர் இருந்த காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். மாமனார் உமாசங்கர் தீட்சித் இந்திரா காந்தியின் உள்துறை அமைச்சர். அந்த வீட்டில் அரசியல் பழகிய மருமகள் 1984-இல் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜிலிருந்து மக்களவைக்குப் போனார். ராஜீவ் காந்தி அரசில் நாடாளுமன்ற விவகாரம், பிரதமர் அலுவலகம் என்று இணையமைச்சராக இருந்தார். 1989-இல் தோற்றார். தனி முத்திரை என்று அங்கே எதுவும் இல்லை. ஆனால் கோப்பு எந்த மேஜையில் தேங்கும், யாரிடம் பேசினால் நகரும் என்ற ஞானம் அங்கே கிடைத்திருக்க வேண்டும். பின்னாளில் அதுதான் அவருடைய மூலதனம். 1998-இல் கிழக்கு தில்லி மக்களவைத் தேர்தலிலும் தோல்வி. அந்த ஆண்டு முடிவதற்குள் வெங்காய விலை பா.ஜ.க. ஆட்சியைச் சாய்க்க, காங்கிரஸ் தில்லி சட்டமன்றத்தில் 70-இல் 52 இடங்களை வென்றது. சுஷ்மா ஸ்வராஜின் 52 நாள் முதல்வர் பதவி ஷீலாவுக்கு வந்தது. 15 ஆண்டுகள் அவரிடமே இருந்தது.

தில்லி முதல்வர் விசித்திரமான முதல்வர். காவல் துறையும் நிலமும் மத்திய அரசின் கையில். அதனால் ஷீலாவின் ஆதரவாளர்கள் ஒரு சௌகரியமான கணக்கு வைத்திருக்கிறார்கள்: நல்லது நடந்தால் அவர் செய்தது, கெட்டது நடந்தால் அவருக்கு அதிகாரம் இல்லை. மெட்ரோவை எடுத்துக்கொள்வோம். அதற்கான நிறுவனம் 1995-இல் அமைந்தது, கட்டுமானம் 1998 அக்டோபரில் தொடங்கியது. அவர் பதவியேற்றது டிசம்பரில். தில்லி அரசு பாதிப் பங்குதாரர் என்பதும் குறுக்கே நிற்காமல் ஒத்துழைத்தது என்பதும் உண்மை. நம் நாட்டில் அது சின்ன விஷயமல்ல. ஆனாலும் கட்டியவர் அந்த நிறுவனத்தை நடத்திய ஸ்ரீதரன். பேருந்துகள் டீசலிலிருந்து சி.என்.ஜி.க்கு மாறியது உச்ச நீதிமன்றத்தின் 1998 ஆணையால். தில்லி அரசு அவகாசம் கேட்டுக்கொண்டே இருந்தது, நீதிமன்றம் விரட்டிக்கொண்டே இருந்தது. இந்தப் பெருமையை ஷீலாவுக்குக் கொடுப்பது, வாய்தா கேட்டவரை வழக்கை வென்றவர் என்பது போல.

அவர் கையில் இருந்ததை வைத்து எடைபோடுவதுதான் நியாயம். முதலில் மின்சாரம். தில்லி மின்வாரியம் வாங்கிய நூறு யூனிட்டில் ஐம்பதுக்குக் கூடப் பணம் வரவில்லை. கொக்கி, கசிவு, கட்டாத பில் எல்லாவற்றிலும் போனது. 2002 ஜூலையில் வாரியத்தைப் பிரித்து, விநியோகத்தில் 51 சதவீதத்தை பி.எஸ்.இ.எஸ். நிறுவனத்துக்கும் டாட்டாவுக்கும் கொடுத்தார். ஊழியர்களை வெளியே தள்ளவில்லை. இடைக்காலத்துக்கு அரசு 3,450 கோடி ரூபாய் கொடுத்தது. பத்தாண்டில் இழப்பு 20 சதவீதத்துக்கும் கீழே வந்தது. வாக்கு போய்விடும் என்று எந்த முதல்வரும் தொட அஞ்சும் காரியம் இது. என் கணக்கில் அவருடைய ஆகப் பெரிய சாதனை இதுதான்.

இரண்டாவது பாகீதாரி. 2000-இல் தொடங்கிய இந்தத் திட்டம் குடியிருப்போர் நலச் சங்கங்களை அதிகாரிகளோடு ஒரே மேஜையில் உட்கார வைத்தது. 2005-இல் ஐ.நா. விருதும் வாங்கியது. ஆனால் மேஜையில் யாருக்கு நாற்காலி? சங்கம் வைக்கும் அளவுக்கு முகவரி உள்ளவர்களுக்கு. குடிசைப் பகுதிக்காரர்கள் வெளியே நின்றார்கள். அனுமதியற்ற காலனிகளுக்கு 2008 தேர்தல் நெருக்கத்தில் தற்காலிகச் சான்றிதழ் கிடைத்தது; சாக்கடை கிடைக்கவில்லை.

அப்படி நாற்காலி கொடுக்கப்பட்ட சங்கங்களே 2005-இல் மின்கட்டண உயர்வைக் கட்ட மாட்டோம் என்று கிளம்பின, அரசு பணிந்தது. அதே ஆண்டு, உலக வங்கிக் கடனில் குடிநீர் விநியோகத்தை மாற்றும் திட்டத்தின் கோப்புகளை ஒரு சின்ன அமைப்பு வெளியே கொண்டுவந்தது. அரசு கடன் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றது. கோப்புகளைப் பெற உதவியது ஷீலா அரசே 2001-இல் கொண்டுவந்த தில்லி தகவல் உரிமைச் சட்டம். அமைப்பின் பெயர் பரிவர்த்தன்; நடத்தியவர் அரவிந்த் கேஜ்ரிவால். 2012-இல் அவர் துண்டிக்கப்பட்ட மின் இணைப்பைக் கம்பத்தில் ஏறித் திரும்ப இணைத்தார். மறு ஆண்டு ஷீலாவின் தொகுதியிலேயே வென்றார். தன்னுடைய இரண்டு நல்ல காரியங்களின் மறுபக்கத்தை ஷீலா கவனிக்கவில்லை: மீட்டரை ஒழுங்குபடுத்தினால் பில் அரசியலாகும், குடிமக்களுக்குக் கோப்பைத் திறந்துவிட்டால் கேள்வி வரும். கட்டணம் ஏறியபோது ஒழுங்குமுறை ஆணையத்தைக் கைகாட்டினார். கணக்கு சரி, பதில் போதவில்லை.

காமன்வெல்த் போட்டிக்கு வெளிநாட்டுத் தெருவிளக்குகளை அதிக விலைக்கு வாங்கிய முடிவில் முதல்வருக்கே பங்கு இருந்ததாக சி.ஏ.ஜி. 2011-இல் குறித்தது. இதற்கு மத்திய அரசு பொறுப்பல்ல. மாடல் ஜெசிகா லாலைச் சுட்டுக் கொன்றவருக்கு 2009-இல் பரோல் கிடைக்கப் பரிந்துரைத்ததும் அவர் அரசுதான். 2008-இல் ஒரு பெண் பத்திரிகையாளர் அதிகாலையில் காரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்த நேரத்தில் அவ்வளவு துணிச்சல் கூடாது என்ற பொருளில் பேசினார். காவல் துறை அவர் கையில் இல்லை, வாய் அவருடையதுதானே. 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த பிறகு அஞ்சலி செலுத்த ஜந்தர் மந்தர் போனபோது கூட்டம் கூச்சலிட்டுத் திருப்பி அனுப்பியதில் அந்தப் பழைய பேச்சுக்கும் பங்கு உண்டென்று நினைக்கிறேன்.

ஆக, சிற்பி என்ற பட்டத்தை நான் ஏற்கவில்லை. ஊழலின் முகம் என்று 2013-இல் ஒட்டிய சுவரொட்டியையும் ஏற்கவில்லை. அரைகுறை அதிகாரத்தை வைத்து தில்லியை நடத்தியவர்களில் அவரைவிடத் திறமையானவர் இதுவரை இல்லை. முகவரி உள்ளவர்களின் நகரத்தை அவர் சீராக்கினார். முகவரி இல்லாதவர்களை இன்னொருவர் அணிதிரட்ட விட்டுவிட்டார். அரசை நடத்திய அளவுக்குக் கட்சியைக் கட்டவும் இல்லை. 1998-இல் 52, 2003-இல் 47, 2008-இல் 43, 2013-இல் 8. அதன்பின் நடந்த மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் தில்லியில் காங்கிரஸுக்கு ஓர் இடம்கூட இல்லை.