அடகுக்கடை மோதிரம்

விவாகரத்தான புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கல்யாண மோதிரத்தைப் பற்றி டூயட் பாடினால் எப்படியிருக்கும்? ‘கோல்டன் ரிங்’ ஆல்பத்தைத் தேடிக் கேட்டுப் பாருங்கள். 1976-ல் வந்தது. பாடியவர்கள் ஜார்ஜ் ஜோன்ஸ், டேமி வைனெட். அமெரிக்க கன்ட்ரி இசையின் ராஜா, ராணி.

இருவருக்கும் கல்யாணம் 1969-ல், ஜார்ஜியா மாநிலத்தில் ரிங்கோல்ட் என்கிற ஊரில் (திருப்பிப் போட்டால் கிட்டத்தட்ட ஆல்பத்தின் பெயர்! கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள்). ஜோன்ஸின் குடி ஊரறிந்த விஷயம். 1975-ல் விவாகரத்து. அடுத்த வருஷமே இந்தப் பாட்டு.

எழுதியவர்கள் பாபி பிராடக், ரேஃப் வேன் ஹாய். ஒரு கைத்துப்பாக்கி பல கை மாறிப் போகும் டி.வி. நாடகத்தைப் பார்த்த பிராடக்குக்கு, துப்பாக்கிக்குப் பதில் மோதிரம் என்று தோன்றியிருக்கிறது. சிகாகோவில் ஓர் அடகுக்கடை. அதிகம் காசில்லாத இளம் ஜோடி ஒரு மோதிரம் வாங்குகிறது. யாரோ மீட்காமல் மூழ்கிப்போனதாக இருக்கும். சின்ன சர்ச்சில் கல்யாணம். அப்புறம் இரண்டு ரூம் வீட்டில் கடைசிச் சண்டை. அவள் மோதிரத்தை எறிந்துவிட்டுப் போகிறாள். மோதிரம் மறுபடி அடகுக்கடைக்கே வந்து சேர்கிறது. எல்லாம் சுமார் மூன்றே நிமிஷம். நாவலாசிரியர் முந்நூறு பக்கம் கேட்பார்.

ஜோன்ஸ் ஒரு சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்து, வளைத்து, இறக்கி, மெல்ல விடுவார். டேமியின் குரலில் அழுகை விளிம்பிலேயே நிற்கும், கொட்டாது. கவனித்தால் ஒன்று புரியும். சண்டைக் காட்சியில்கூட இரண்டு பேரும் ஜெயிக்கப் பார்ப்பதில்லை. இதுதான் இந்தப் பாட்டின் உயரம்.

ஆல்பம் முழுக்க அப்படியா என்றால், இல்லை. தயாரிப்பாளர் பில்லி ஷெரிலின் வழக்கப்படி சில இடங்களில் சர்க்கரை ஜாஸ்தி. ஆனால் ஒரு கணக்கு பாருங்கள். இந்த ஜோடியின் டூயட்டுகளில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தவை மூன்று. தம்பதியாக இருந்தபோது வந்தது ஒன்று. மற்ற இரண்டும் பிரிந்தபின் வெளியானவை, இந்த ஆல்பத்தில் இருப்பவை.

ஜனங்கள் ஏன் வாங்கினார்கள்? ‘திரும்பச் சேர்ந்துடுவாங்களோ’ என்கிற நப்பாசை. கொஞ்சம் சாவித்துவாரம் வழியாக எட்டிப் பார்க்கிற புத்தி. நமக்கும் உண்டு, மறுக்காதீர்கள். டேமி 1998-லும் ஜோன்ஸ் 2013-லும் போய்விட்டார்கள். வம்பு பழசாகிவிட்டது. பாட்டு ஆகவில்லை.

காரணம் எனக்குத் தோன்றுவது இது. டூயட்டில் ஒருத்தர் பாடும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டு கேட்கணும். சரியான இடத்தில் வந்து சேரணும். தன் குரல் மட்டும் ஓங்கிவிடாமல் பார்த்துக்கணும். மைக் முன்னால் அது அவர்களுக்கு வந்தது. 1995-ல் ‘ஒன்’ ஆல்பத்திலும் வந்தது.

வீட்டில்தான் வரவில்லை.