ஓடுபாதை 34: இறக்கியது துணிச்சலா, பேச்சா?

2015 ஆகஸ்டு 18. தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று, ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாததால் மூன்று முறை இறங்க முயன்று, மூன்று முறையும் மீண்டும் மேலெழுந்தது. பிறகு திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது. அங்கும் மூன்று முயற்சிகள் வீணாயின. ஏழாவது முயற்சியிலேதான் அது தரையைத் தொட்டது. அப்போது எஞ்சியிருந்த எரிபொருள் ஏறத்தாழ 350 கிலோ. இவ்வகை விமானம் நிமிடத்துக்குச் சுமார் 40 கிலோ எரிபொருளைச் செலவிடும் என்று வைத்துக்கொண்டு, மிச்சம் இருந்த நேரத்தை நீங்களே வகுத்துப் பாருங்கள். ஜெட் விமானம் இறங்கும்போது குறைந்தது 30 நிமிடப் பறப்புக்கான எரிபொருள் கையிருப்பில் இருக்கவேண்டும் என்பது பன்னாட்டு விதி.

இத்தகைய நிகழ்ச்சியைத் தழுவி 2022 இல் வெளிவந்த இந்தித் திரைப்படம் 'ரன்வே 34'. அஜய் தேவ்கன் இயக்கி, தலைமை விமானியாகவும் நடித்திருக்கிறார். துணை விமானி ரகுல் பிரீத் சிங். விசாரணை அதிகாரி அமிதாப் பச்சன். அறிவியல் மாணவர் இப்படத்தை எப்படிப் பார்க்கவேண்டும் என்பதே நம் கேள்வி.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவோம். விமானி அறையின் நெருக்கடியை இந்தியப் படங்கள் இவ்வளவு நேரம் காட்டியது அரிது. மழை, மேகம், கருவிகளின் எச்சரிக்கை ஒலி, குறைந்துகொண்டே வரும் எரிபொருள் ஆகியவை நம்மை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவருகின்றன. போதிய உறக்கமின்றி விமானத்தில் ஏறியது குற்றமா என்று படம் கேட்பதும் பாராட்டத்தக்கது.

ஒரு சிறு குறையையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஓடுபாதையின் எண் வெறும் வரிசை எண் அன்று. அதைப் பத்தால் பெருக்கினால், விமானம் எந்தத் திசை நோக்கி இறங்குகிறது என்பது காந்த ஊசியின் பாகைக் கணக்கில் கிடைக்கும். 34 என்றால் 340 பாகை, அதாவது வடக்கிலிருந்து சற்றே மேற்கு. திருவனந்தபுரத்தின் ஓடுபாதை உண்மையில் 14/32. 34 என்பது கதைக்காகப் படைத்த எண். நம் மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை 07/25. அது எந்தத் திசையில் அமைந்திருக்கிறது என்று நீங்களே கணக்கிடலாம்.

பெரிய குறை வேறு. படத்தின் நாயகனுக்கு அபாரமான நினைவாற்றல். ஒரு முறை கண்டதை மறவார். பெங்களூருக்குத் திருப்பலாம் என்ற யோசனை வருகிறது; அவர் திருவனந்தபுரம் என்று முடிவு கட்டுகிறார். அருகில் இருக்கும் துணை விமானியோ அஞ்சுகிறார், தவிக்கிறார், திகைக்கிறார். இறுதியில் ஒரு மனிதரின் துணிச்சல் எல்லோரையும் காப்பாற்றுகிறது. விசாரணையிலும் கேள்வி ஒன்றேதான்: அந்த மனிதர் செய்தது சரியா, தவறா? "அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் என்ன பேசினார்கள்? எப்போது பேசினார்கள்?" என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. விமானப் பாதுகாப்பு இயல் முதலில் கேட்பது இக்கேள்வியைத்தான்.

அந்த இயல் பிறந்த கதையைக் கேளுங்கள். 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டு நகருக்கு அருகே யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்ற ஐயத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டது. தலைமை விமானியின் கவனம் முழுவதும் சக்கரத்தின்மேல். எரிபொருள் குறைவதை மற்ற இருவரும் கண்டார்கள். ஆனால் "இப்போதே இறங்கியாகவேண்டும்" என்று அழுத்திச் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானத்தில் இருந்த 189 பேரில் 10 பேர் மாண்டனர். சக்கரங்கள் கீழே இறங்கித்தான் இருந்தன!

அடுத்த ஆண்டே நாசா நிறுவனம் கூட்டிய கருத்தரங்கிலிருந்து 'க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்' என்னும் பயிற்சி முளைத்தது. விமானி அறையில் உள்ள எல்லோருடைய கண்ணையும் காதையும் அறிவையும் ஒன்றாகப் பயன்படுத்துவதே இதன் சாரம். கீழ்நிலையில் உள்ளவர் எப்படிப் பேசவேண்டும் என்பதற்கும் படிகள் உண்டு. முதலில் அழைத்தல், அடுத்து கவலையைச் சொல்லுதல், பிறகு நிலைமையை எண்ணோடு கூறுதல், அதன்பின் வழியைக் காட்டுதல், முடிவாக ஒப்புதல் கேட்டல். எடுத்துக்காட்டாக: "கேப்டன், எரிபொருள் எனக்குக் கவலை தருகிறது. இன்னும் ஒரு முறை சுற்றினால் பெங்களூர் எட்டாது. இப்போதே திரும்பவேண்டும் என்கிறேன். சம்மதமா?" இதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை, மழுப்பலும் இல்லை.

ஆனால் பேசினால் மட்டும் போதுமா? 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை நினைத்துப் பாருங்கள். தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதி உறங்கியிருந்ததை ஒலிப்பதிவு காட்டியது. விமானம் இருக்கவேண்டியதைவிட மிக உயரத்தில் ஓடுபாதையை நெருங்கியது. இறங்காமல் மேலெழும்படி துணை விமானி மூன்று முறை சொன்னார். கேட்கவேண்டியவர் கேட்கவில்லை. சுமார் 8,000 அடி நீள ஓடுபாதையில் 5,200 அடி கடந்தபின்பே சக்கரம் தரையில் பட்டது. 166 பேரில் 158 பேர் உயிரிழந்தனர். பயிற்சி இருவருக்கும் வேண்டும்: இளையவருக்குச் சொல்லவும், மூத்தவருக்குக் கேட்கவும்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் ஒரு டிசி-10 விமானத்தின் வால்பகுதி எஞ்சின் சிதறியது. விமானத்தைத் திருப்பும் நீர்மக் குழாய் அமைப்புகள் அனைத்தும் செயலிழந்தன. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்த ஒரு பயிற்சி விமானியையும் உள்ளே அழைத்து, எஞ்சின் விசைப்பிடிகளை அவரிடம் ஒப்படைத்தார். நால்வரும் பேசிப் பேசி விமானத்தை சூ சிட்டி நகரில் இறக்கினர். 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். தம் திறமையைவிட அந்தக் கூட்டுப் பயிற்சியையே ஹெய்ன்ஸ் பின்னாளில் புகழ்ந்தார். நல்ல தலைவர் யார் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டுமா?

"நாங்கள் விமானம் ஓட்டப்போவதில்லையே" என்று புழலிலும் மணலியிலும் எண்ணூரிலும் இருக்கும் வாசகர் கேட்கலாம். உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் ஆலைக்கோ துறைமுகத்துக்கோ இரவுப் பணிக்குப் போகிறவராக இருக்கக்கூடும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர்க் கடலில், வெளியேறிய எரிவாயுக் கப்பலும் உள்ளே வந்த எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. கரையில் படிந்த எண்ணெய்க் கசடை மக்கள் வாளி வாளியாக அள்ளியதை வடசென்னை மறக்காது. கப்பல் அதிகாரிகளுக்கும் இன்று விமானிகளுக்குப் போன்ற கூட்டுப் பயிற்சி உண்டு. அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டுவதைக் காணும் இளம் தொழிலாளி, "மேஸ்திரிக்குத் தெரியாததா?" என்று வாய்மூடி நின்றால் என்ன ஆகும்?

பெரியவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கூறாமை நம் வீட்டிலும் பள்ளியிலும் பண்பாகப் போற்றப்படுகிறது. அந்தப் பண்பு ஆபத்து வேளையில் உயிரைக் குடிக்கக்கூடும். 'ரன்வே 34' இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டிருக்கலாம். மாறாக அதற்கு மாலை சூட்டிவிட்டது. துணை விமானி அழுத்திச் சொன்னார், தலைமை விமானி நின்று கேட்டார், இருவரும் கணக்குப் போட்டு முடிவெடுத்தனர் என்று காட்டியிருந்தால் விறுவிறுப்பு குறைந்திருக்காது, உண்மை கூடியிருக்கும்.

ஆகவே, படத்தைப் பாருங்கள், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நாயகன் தனியே முடிவெடுக்கும்போது, அருகில் இருப்பவர் அந்நேரம் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நண்பர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் சொல்லித்தராத பாடம் அந்தத் தாளில் இருக்கும்.