கூடம் கிடைக்காத மாட்டுக்கு எந்தக் காப்பீடு?

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், சூ ஃபால்ஸ் நகரிலிருந்த ஸ்மித்ஃபீல்டு ஆலை கொரோனாவால் மூடப்பட்டது. நாட்டின் பன்றி இறைச்சியில் நான்கைந்து சதவீதம் அந்த ஒரே ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. மேலும் பல ஆலைகள் மூடவே, விற்க வழியில்லாத பன்றிகளைப் பண்ணையாளர்கள் கொன்று புதைக்க நேர்ந்தது. உள்ளூர்ச் சிறு வெட்டுக்கூடங்களை நாடியவர்களுக்கோ அடுத்த ஆண்டில்தான் தேதி கிடைத்தது.

இத்தனைக்கும் அந்நாட்டில் பண்ணையாளர்களுக்கான இடர் மேலாண்மைக் கல்வி புதிதல்ல. 2000ஆம் ஆண்டின் வேளாண் இடர்ப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அதற்கு நிதி ஒதுக்கினார்கள். உற்பத்தி, விலை, நிதி, சட்டம், மனிதர் என்று இடரை ஐந்தாகப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். அது எவ்வளவு பயன்பட்டது?

உணவுப் பாதுகாப்பில் இத்தகைய கல்வி நன்றாகவே பயன்பட்டது. 1993இல் ஜாக் இன் தி பாக்ஸ் உணவகங்களின் சரியாக வேகாத இறைச்சியால் நான்கு குழந்தைகள் இறந்தன. அதையடுத்து 1996இல் ஹாசப் எனப்படும் அபாயக் கட்டுப்பாட்டு முறையைக் கட்டாயமாக்கும் விதி வந்தது. பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலைசெய்யும் வெட்டுக்கூடங்களும் 2000 ஜனவரிக்குள் அதற்கு மாறியாக வேண்டியிருந்தது. எந்தக் கட்டத்தில் கிருமி நுழையும், எந்த வெப்பநிலையில் அதைத் தடுக்கலாம் என்று எழுதிவைக்கும் பழக்கத்தைப் பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளர்கள் கற்பித்தார்கள். இந்தப் பாடத்தில் எனக்குக் குறையில்லை.

என் குறை விலைப் பாடத்தின் மீது. அங்கே முதன்மையாகக் காட்டப்படும் கால்நடை விலைக் காப்பீடு, தேசியச் சந்தை விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தால் மட்டுமே பணம் தரும். மாடு செத்தால் தராது. வெட்ட இடமில்லாமல் கொழுத்த மாடு தீவனம் தின்றுகொண்டு நின்றாலும் தராது. நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்பவரின் விலை தேசியச் சந்தையோடு ஏறி இறங்குவதும் இல்லை. அவருடைய பெரிய இடர் வேறு: அரசு ஆய்வாளர் இருக்கும் கூடத்தில் வெட்டாத கறியை விற்கவே முடியாது. அந்தக் கூடத்தில் தேதி கிடைக்க வேண்டும்.

கூடக்காரரின் கணக்கையும் பார்க்க வேண்டும். இலையுதிர்காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டோடு வருகிறார்கள். வசந்தத்தில் கொக்கிகள் காலியாகத் தொங்குகின்றன. சம்பளமோ ஆண்டு முழுவதும் கொடுத்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் கால்நடை அனுப்புவதாகப் பண்ணையாளர் உறுதி தராவிட்டால் சிறு கூடம் நிலைக்காது என்று அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு 2013இலேயே எழுதியது. 2022இல் அறிவிக்கப்பட்ட நூறு கோடி டாலரால் புதுக் கூடங்கள் கட்டலாம். அந்த உறுதியைக் கட்டித்தர முடியாது.

கல்வியால் சந்தையை மாற்ற முடியாது என்பார்கள். கொழுத்த மாடுகளில் ஏறக்குறைய 85 சதவீதத்தை நான்கு நிறுவனங்கள் வெட்டும் நாட்டில் அது உண்மைதான். ஆனால் மாதவாரித் தேதி ஒப்பந்தம், முன்பணம், வராதவருக்கு அபராதம் ஆகியவற்றைக் கற்பிக்கச் சந்தை மாறக் காத்திருக்க வேண்டியதில்லை. வளர்ப்பவரையும் வெட்டுபவரையும் தனித்தனி அறைகளில் உட்காரவைக்கும் வரை இந்தக் கல்வி பாதிப் பாடம்தான். அடுத்த நிதி ஒதுக்கீடு, இருவரும் சேர்ந்து ஒப்பந்தம் எழுதிப் பழகும் வகுப்புகளுக்கே முதலில் போக வேண்டும்.