வெள்ளிக் காசும் விடுதலைத் தொப்பியும்

உரோமக் குடியரசின் வெள்ளி நாணயங்களைச் சேகரிப்போர் நோக்கில் எழுதுபவர்கள் அவற்றின் செதுக்கு நேர்த்தியையும் அருமையையும் பெரிதும் விதந்துரைப்பர். அவற்றிற் பொறிக்கப்பட்ட உருவங்கள் எவ்வர்க்கத்தின் குரலாக அமைந்தன என்பதே நமது வினா.

தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசு, இரண்டாம் பியூனிக் போர் நிகழ்ந்துகொண்டிருக்கையில், கி.மு. 211 அளவிலே தோன்றியது. தொடக்கத்தில் ஒருபுறம் தலைக்கவசமணிந்த உரோமா தெய்வமும், மறுபுறம் குதிரைமீது விரையும் இரட்டைத் தெய்வங்களும் இடம்பெற்றன. இவை அரசின் பொதுச் சின்னங்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, நாணயம் அச்சிடும் பொறுப்பேற்ற இளம் அலுவலர் தத்தம் குலப்பெருமையைக் காசிற் பொறிக்கலாயினர். கி.மு. 54 அளவில் மார்க்கஸ் புரூட்டஸ் வெளியிட்ட காசொன்றில் சுதந்திரத் தெய்வமாகிய லிபேர்த்தாஸின் தலையும், மன்னராட்சியை ஒழித்தவனாகப் போற்றப்பட்ட அவனது முன்னோன் பரிவாரத்துடன் நடந்துசெல்லும் காட்சியும் உள்ளன.

கி.மு. 44இல் யூலியஸ் சீசரின் முகம் அவன் உயிருடனிருக்கையிலேயே உரோமில் அச்சிடப்பட்ட காசில் ஏறியது. அவ்வாண்டே அவன் கொல்லப்பட்டான். ஆயின், கி.மு. 42 அளவில் தன் படையினருக்கென அச்சிட்ட காசிலே புரூட்டஸும் தன் முகத்தையே பொறித்தான்! மறுபுறத்தில் இரு குத்துவாள்கள். நடுவே ஒரு தொப்பி. கீழே கொலை நிகழ்ந்த மார்ச் நடுநாளின் பெயர். பிற்கால வரலாற்றாசிரியரான கசியஸ் தியோ இக்காசைத் தனித்துக் குறிப்பிடுமளவிற்கு அது பேசப்பட்டது.

அத்தொப்பியே நமது கவனத்துக்குரியது. விடுவிக்கப்பட்ட அடிமை அணிவது அது. செனற் பிரபுக்கள் தமது அதிகாரத்தை மீட்பதற்கு அடிமையின் சின்னத்தை இரவல் பெற்றனர். அடிமைகளோ சுரங்கத்தில் இருந்தனர். ஸ்பானியாவின் புதிய கார்த்தேஜ் வெள்ளிச் சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்தனர் என்றும், நாளொன்றுக்கு 25,000 திராக்மா உரோமுக்குக் கிடைத்தது என்றும் போலிபியஸ் கணக்கிட்டதை ஸ்த்ராபோ பேணித் தந்துள்ளார்.

சேக்ஸ்பியரின் நாடகம் வழியே புரூட்டஸை அறிந்தோர் சிசரோவின் கடிதங்களையும் படித்தல் தகும். சைப்பிரசின் சலாமிஸ் நகருக்கு முகவர் மூலம் 48 வீத வட்டிக்குக் கடன் கொடுத்தவன் அவன். கடனை அறவிட முகவன் குதிரைப்படையுடன் நகரசபையை முற்றுகையிட்டமையால், உறுப்பினர் ஐவர் பட்டினியால் இறந்தனர். கி.மு. 51இல் ஆளுநராக வந்த சிசரோ 12 வீதத்துக்குமேல் ஏற்க மறுத்தார். எனினும் வழக்கைத் தீர்க்காமலே பதவி நீங்கினார்.