நான்கு விளக்கும் ஒரு ட்ரிப்பரும்

உள்ளறைச் சாகுபடிக்கென்று விற்கப்படும் 480 வாட் பார் வகை எல்இடி விளக்குகளின் வெளிச்சத்தில் குறை காண்பது கடினம். மின்விசிறி இல்லாததால் இரைச்சல் கிடையாது. நடுவில் நிற்கும் செடிக்கும் மூலையில் நிற்கும் செடிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளி விழுகிறது. லெட்யூஸ் நாற்று வெளிறி நெட்டையாக ஓடுவதில்லை. ஒரே அறையில் நான்கை மாட்டிச் சில வாரம் ஓட்டினால்தான் இன்னொரு குணம் வெளிப்படுகிறது: சுவிட்சைப் போட்ட கணமே டிபி பாக்ஸில் ட்ரிப்பர் விழுகிறது. தினமும் அல்ல. சில நாள் ஒழுங்காக எரியும், திடீரென்று ஒரு காலை விழும். எலக்ட்ரீஷியன் வந்து நிற்கும்போது மட்டும் விழவே விழாது.

கணக்குப்படி விழக் கூடாது. நான்கும் சேர்ந்தால் 1,920 வாட். 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்ப்ஸுக்குள் அடங்கும். ட்ரிப்பராக இருக்கும் 16 ஆம்ப்ஸ் எம்சிபிக்கு இது பாதிச் சுமையைச் சற்றே தாண்டியதுதான். சாதாரண டாங் டெஸ்டரை வயரில் மாட்டிப் பார்த்தாலும் இதே அளவைத்தான் காட்டும். விவகாரம் நடந்து முடிவது ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில். அந்த மீட்டர் அதைப் பிடிப்பதில்லை.

விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், சுவிட்ச் போடும்போது காலித் தொட்டியாக இருக்கிறது. நிரம்பும்வரை கிடைத்த மின்னோட்டத்தையெல்லாம் இழுக்கிறது. மீன்வெல் நிறுவனத்தின் எச்எல்ஜி-240எச் டிரைவர் ஓடும்போது எடுப்பது ஒன்றரை ஆம்ப்ஸுக்கும் குறைவு. குளிர்ந்த நிலையில் போட்டதும் பாயும் உச்சம் சுமார் 75 ஆம்ப்ஸ் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. எம்சிபியில் இரண்டு காவல் உண்டு. மெதுவாகச் சூடேறி வளையும் இருஉலோகப் பட்டை ஒன்று. நொடியும் தாமதிக்காமல் இழுத்துவிடும் காந்தச் சுருள் மற்றொன்று. பி வகையில் சுருள் மூன்று முதல் ஐந்து மடங்கு மின்னோட்டத்தில் வேலை செய்யும். சி வகையில் ஐந்து முதல் பத்து மடங்கு. டி வகையில் பத்து முதல் இருபது மடங்கு. ஆக 16 ஆம்ப்ஸ் பி வகை எம்சிபி 48 ஆம்ப்ஸிலிருந்தே விழத் தயார். மிகக் குறுகிய துடிப்பை அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நான்கு டிரைவர்கள் ஒரே கணத்தில் இழுத்தால் அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு.

சில நாள் விழுந்து சில நாள் விழாததற்குக் காரணம் மாறுமின்னோட்ட அலை. அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் சுவிட்சைப் போட்டால் பாய்ச்சல் சிறிது. உச்சியில் போட்டால் பெரிது. இதைவிட மோசம், கரண்ட் போய் உடனே திரும்பி வருவது. பல டிரைவர்களில் பாய்ச்சலைத் தடுக்கும் தெர்மிஸ்டர் குளிர்ந்திருந்தால்தான் தடுக்கும். சூடாக இருக்கும்போது ஏறக்குறைய வழிவிட்டுவிடுகிறது. மின்வெட்டு முடிந்து ஊரே வெளிச்சமானபின் இந்த அறை மட்டும் இருட்டாகக் கிடப்பதன் ரகசியம் இது.

விளக்கோடு வரும் கையேடுகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது எரிச்சலூட்டும் விஷயம். வெளிச்சத்தைக் குறைத்துவைத்துப் போடுங்கள் என்ற ஆலோசனை தாராளமாகக் கிடைக்கிறது. அது பயனற்றது: டிம்மர் கட்டுப்படுத்துவது எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தை, கெப்பாசிட்டர் அதற்கு முன்பே நிரம்பிவிடுகிறது. பெட்டியில் அச்சிடும் எண்கள் இன்னொரு தலைவலி. மார்ஸ் ஹைட்ரோ டிஎஸ் 1000 இழுப்பது 150 வாட். பெயரிலுள்ள ஆயிரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வயரிங் கணக்கே தப்பிவிடும்.

போட்டவுடன் விழாமல் அரைமணி, ஒருமணி கழித்து விழுந்தால் அது வேறு நோய். அங்கே வேலை செய்வது இருஉலோகப் பட்டை. அதே லைனில் ஹீட்டரோ ஏசியோ ஓடலாம். திருகு தளர்ந்து இணைப்பு சூடாகலாம். வீட்டு எம்சிபிகள் 30 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைத்து அளவிடப்பட்டவை. மே மாதத்தில் மொட்டைமாடி அறையின் டிபி பாக்ஸ் அதை எளிதில் தாண்டும், எம்சிபியும் தன் அளவுக்கு முன்பே விழத் தொடங்கும்.

விழுவது எம்சிபி அல்ல, ஆர்சிசிபி என்றால் சுமையை விட்டுவிட்டு எர்த் கசிவைத் தேட வேண்டும். 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். ஒவ்வொரு டிரைவரின் ஃபில்டரும் சிறிது கசியவிடும்; அதோடு ஊட்டக் கரைசல் தெறித்த பிளக்கோ பழைய பம்போ சேர்ந்தால் போதும். எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டினால் குற்றவாளி அகப்படும்.

முதல் கணத்துப் பாய்ச்சலுக்கு மலிவான மருந்து, நான்கையும் ஒன்றாகப் போடாமலிருப்பது. ஒவ்வொன்றுக்கும் தனி டைமர் வைத்து ஒரு நிமிட இடைவெளி கொடுத்தால் அன்றாடத் தொல்லை நிற்கும். ஆனால் மின்வெட்டு முடியும்போது எல்லா டைமரும் ஒரே நேரத்தில் ஆன் நிலையில் இருக்கும். அதற்குத் தாமதித்து இணைக்கும் ரிலேயோ பாய்ச்சல் தடுப்பானோ தேவை. விலை குறைந்த டைமர் பிளக்கில் ரிலே முனைகள் இந்தப் பாய்ச்சலிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. பிறகு விளக்கு இரவிலும் அணையாது.

பி வகையை அதே 16 ஆம்ப்ஸ் சி வகையாக மாற்றுவது அடுத்த வழி. வயரையும் எர்த்தையும் எலக்ட்ரீஷியன் சோதித்தபின் செய்தால் இதில் ஆபத்தில்லை. வயர் சூடாவதைத் தடுக்கும் பட்டையின் அளவு மாறுவதில்லை. 16ஐ எடுத்துவிட்டு 32 ஆம்ப்ஸ் மாட்டுவது வேறு கதை. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் உருகத் தொடங்கும்போதும் அந்த எம்சிபி அசையாமல் நிற்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, 16 ஆம்ப்ஸ் எம்சிபியில் எத்தனை டிரைவர்களை இணைக்கலாம் என்று தரவுத்தாளில் வரும் வரி. பி வகைக்கும் சி வகைக்கும் அங்கே தனித்தனி எண் இருக்கும். அந்த வரி இல்லாத விளக்கு எத்தனை பளிச்சென்று எரிந்தாலும், ஒன்றுக்கு மேல் வாங்குவதற்கு உகந்ததல்ல.