கொடுமுடிக் கோகிலமும் நாடக மேடையும்

ஒரு கலைஞரின் பெயரைக் கேட்டவுடன் மக்கள் மனத்தில் எழும் தோற்றம், அக்கலைஞரின் முழுத் தோற்றமாக அமைந்துவிடுவதில்லை. கே. பி. சுந்தராம்பாள் என்றதும் நரைத்த கூந்தல், நெற்றி நிறைய நீறு, கையில் ஊன்றுகோல், முருகனைப் பாடும் ஔவைப் பாட்டி ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அத்தோற்றத்தைத் தந்தது திரைப்படம். ஆனால் அக்குரலை ஆக்கியது திரைப்படமன்று. விடிய விடிய நடந்த தமிழ் நாடக மேடையே அதனை ஆக்கியது. இவ்வுண்மையை மறந்து அவர் கலையை மதிப்பிடுவோர் பாதியையே மதிப்பிடுகின்றனர் எனலாம்.

காவிரிக் கரையில் அமைந்த கொடுமுடி, சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்ற தலம். அவ்வூரில் 1908ஆம் ஆண்டு பாலாம்பாள் என்னும் அம்மையாரின் மகளாகச் சுந்தராம்பாள் பிறந்தார். வறுமை சூழ்ந்த குடும்பம். பள்ளிக் கல்வியினும் பாட்டே அச்சிறுமிக்குக் கைகொடுத்தது. இளமையிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் மகனாக வேடம் பூண்டு பாடினார். பெண் குழந்தை ஆண் குழந்தையாகத் தோன்றியது அக்கால மேடையில் வியப்புக்குரியதன்று. எனினும், அவர் பின்னாளில் ஏற்ற வேடங்களை நோக்கும்போது, இத்தொடக்கம் கருதத்தக்கதாகிறது.

அந்நாளைய நாடகம் எத்தகையது என்பதை இன்றைய மாணவர் அறிதல் வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களே மேடைகளை ஆண்டன. 'ஸ்பெஷல் நாடகம்' என்பதில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை இல்லை. மேடையில்தான் சந்திப்பு. பாட்டும் விருத்தமும் ஆசிரியர் தந்தவை. இடையிலே நிகழும் தர்க்கமோ நடிகர் தாமே அவ்வப்போது தொடுப்பது. ஒருவர் பாடினால், அதற்கு ஈடாக மற்றவர் பாடியாக வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் சொல் சென்று சேர வேண்டும். குரல் வளம் மட்டும் போதாது. சொல்லழுத்தம் வேண்டும், நினைவாற்றல் வேண்டும், எதிரில் நிற்பவரை மடக்கும் சாதுரியமும் வேண்டும். இப்பள்ளியில் பயின்றவரே சுந்தராம்பாள்.

இலங்கை மேடைகளிலும் அவர் பெரும்புகழ் பெற்றார். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பும் அங்கேதான் கிட்டியது. கன்னையா குழுவில் புகழ்பெற்ற கிட்டப்பா, உச்ச சுருதியில் எளிதாகச் சஞ்சரிக்கும் அரிய குரலுடையவர். வள்ளியாகச் சுந்தராம்பாளும் வேலனாகக் கிட்டப்பாவும் நின்று வாதிட்டபோது, மக்கள் கண்டது காதல் காட்சி மட்டுமன்று. இரண்டு குரல்களின் போட்டியும் ஆகும். கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்துத் துணை நின்றார். மேடைத் துணை வாழ்க்கைத் துணையாயிற்று. கிட்டப்பா முன்பே மணமானவர். இருவரின் இல்வாழ்வு இன்னல்கள் நிறைந்ததாகவே இருந்தது. அவ்வாழ்வைக் கதையாக்கிப் பேசுவோர் பலர். அவர்களுள் இருவரின் கலையையும் ஆராய்ந்து பேசுவோர் சிலரே.

இவ்விருவரையும் நாட்டு விடுதலைப் பணியில் ஈடுபடுத்தியதில் தீரர் சத்தியமூர்த்திக்குப் பெரும் பங்குண்டு. புராண நாடகத்தின் இடையே தேசியப் பாட்டு ஒலித்தது. கிராமபோன் இசைத்தட்டுகள் அப்பாட்டுகளை மேடைக்கு அப்பாலும் கொண்டு சென்றன. எழுத்தறியாத மக்களுக்கு நாடகப் பாட்டே செய்தித்தாளாக விளங்கிய காலம் அது. பின்னர் 1950களில் சுந்தராம்பாள் சென்னை மாநிலச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். நாடகக் கொட்டகையைத் தாழ்வாகக் கருதிய சமுதாயத்தில், கொட்டகையிலிருந்து ஒரு பெண் சட்டமன்றம் வரை சென்றது சிறிய செய்தியன்று.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தெட்டு வயதும் நிறையாத நிலையில் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளாடை உடுத்தார். எந்த ஆண் நடிகருடனும் இணை சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அவ்வுறுதியை வாழ்நாள் முழுதும் காத்தார். அவர் கலை வரலாற்றை இரண்டாகப் பகுக்கும் கோடு இதுவே.

இதன்பின் அவர் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். 1935ஆம் ஆண்டு வெளிவந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம். அதற்கு அவருக்குத் தரப்பட்ட ஊதியம் ஓர் இலட்ச ரூபாய் என்பது நாடெங்கும் பேசப்பட்டது. அப்படத்தில் வேதியராக நடித்தவர் இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1940இல் 'மணிமேகலை'; இளமையிலேயே துறவு பூண்டவள் வேடம். 1953இல் ஜெமினியின் 'ஔவையார்'. இளமையை உதறி முதுமையை வேண்டிப் பெற்றவள் வேடம். 1964இல் 'பூம்புகார்', சமணத் துறவி கவுந்தியடிகள் வேடம். 1965இல் 'திருவிளையாடல்'; மீண்டும் ஔவை. ஆணாக, துறவியாக, கிழவியாக அவர் தோன்றினார். கணவனோடு வாழும் பெண்ணாகவோ காதலியாகவோ தோன்றவில்லை. தம் நோன்புக்கு ஊறு நேராத வேடங்களைத் தேர்ந்தெடுத்தார். அவ்வேடங்களையே தம் குரலால் பெருமைப்படுத்தினார்.

இந்நோன்பைத் தமிழுலகம் போற்றியது. தனிவாழ்வில் ஒருவர் கொள்ளும் உறுதியைப் பிறர் குறைகூற இடமில்லை. ஆயினும், கலையை ஆராய்வோர் ஒரு வினாவை எழுப்பியே ஆக வேண்டும். வள்ளியாக நின்று எள்ளி நகையாடியவரும், வாதத்தில் ஆணை வென்றவரும், சிருங்காரமும் நகைச்சுவையும் வெகுளியும் நொடிக்கு நொடி மாற்றிக் காட்டியவருமான அந்த நடிகை எங்கே? பக்தி என்னும் ஒரே சுவைக்குள் அவர் அடங்கிவிட்டது தமிழ் நாடகக் கலைக்கு இழப்பன்றோ? மனைவியை இழந்த ஆண் நடிகரிடம் இத்தகைய நோன்பை அக்காலச் சமுதாயம் எதிர்பார்த்ததில்லை. போற்றுதலும் சில வேளைகளில் ஒருவகை வேலியாகிவிடுகிறது.

"பக்தியே அவர் குரலுக்கு இயல்பானது, பிற வேடங்கள் அவருக்குப் பொருந்தா" என்று சிலர் கூறுவர். இக்கூற்று பொருந்தாது. வள்ளியாக அவர் பெற்ற புகழே இதற்கு மறுப்பு. மேலும், திரையில் அவர் வெற்றி பெற்ற இடங்களைக் கூர்ந்து நோக்கினால், அங்கெல்லாம் மேடைக் கலை மறைந்து நிற்பது புலப்படும். 'திருவிளையாடலில்' சினந்து சென்ற முருகனை ஔவை தேற்றும் காட்சியும், 'கந்தன் கருணை'யில் (1967) முருகன் வினவ ஔவை விடை கூறும் பாட்டும் எவை? பழைய தர்க்கத்தின் மறுபிறப்பே அவை. விருத்தமாக நீட்டி இசைத்து, சொல்லைச் சிதைக்காமல் நிறுத்தி, கடைசிச் சீரில் உச்சத்திற்கு ஏறுகின்ற முறை கச்சேரி மேடையில் கற்றதன்று, கொட்டகையில் கற்றது. வள்ளியின் வாதத்திறமே ஔவையின் வாயில் அறிவுரையாக மாறியது.

'ஔவையார்' படத்தைப் பற்றித் தமிழாசிரியர் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதியமானின் நட்பைப் பெற்றுத் தொண்டைமானிடம் தூது சென்ற சங்க காலப் புலவரும், ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையாரும் வேறு வேறானவர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. படம் அனைவரையும் ஒருவராக்கியது. சுந்தராம்பாளின் நடிப்பு அவ்வளவு ஆற்றல் வாய்ந்ததாக இருந்தமையால், அந்த ஒருமை மக்கள் மனத்தில் வரலாறாகவே பதிந்துவிட்டது. புறநானூற்றில் மன்னனுடன் கள்ளுண்டு களித்து, அவன் மாய்ந்தபோது கதறிய ஔவையை மாணவர் எதிர்கொள்ளும்போது திகைக்கின்றனர். இது நடிகையின் குற்றமன்று. கலையின் வெற்றியே கல்விக்கு ஓர் இடர்ப்பாடாவதற்கு இஃது எடுத்துக்காட்டு. வகுப்பில் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவதே தக்க வழி.

1969ஆம் ஆண்டுப் படமான 'துணைவன்' அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 1970இல் பத்மஸ்ரீ விருதும் கிட்டியது. விருதின் பெயரிலேயே ஒரு முரண் இருக்கிறது. பின்னணி என்பது முகம் ஒருவருடையதாகவும் குரல் மற்றொருவருடையதாகவும் இருப்பது. தம் வேடத்திற்குத் தாமே பாடி, முன்னணியில் நின்றே வாழ்ந்தவருக்குப் பின்னணிப் பாடகி என்னும் பட்டமா? பாடுவதும் நடிப்பதும் ஒருவரே செய்யும் தொழிலாக இருந்த காலத்தின் எச்சமாக அவர் நின்றார். அத்தொழிலைக் குறிக்கும் சொல்லும் விருதுப் பட்டியலில் இல்லாது போயிற்று.

சுந்தராம்பாள் 1980இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற திரைப்படங்கள் சில, இசைத்தட்டுகள் பல. கிட்டப்பாவோடு அவர் மேடையில் நிகழ்த்திய வாதங்களோ காற்றோடு கலந்தன. எனவே எஞ்சியுள்ள குரலிலிருந்தே இழந்த மேடையை உய்த்துணர வேண்டியுள்ளது. ழகரமும் ளகரமும் லகரமும் வேறுபடாமல் ஒலிக்கும் இக்காலத்தில், உச்ச சுருதியிலும் எழுத்து பிசகாத அவர் பாட்டு, செய்யுளைச் சீர் பிரித்து ஓதக் கற்பிக்கும் ஆசிரியருக்கு நல்ல துணை. ஆனால் உச்சரிப்புக்காக மட்டும் அதனை நாடுதல் போதாது. ஔவையின் பாட்டை மாணவர்க்குக் கேட்பிக்கும் ஆசிரியர், அக்குரலுக்குரியவர் ஒரு காலத்தில் வள்ளியாக நின்று வாதிட்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்வாராக. அவ்வாறு சொல்லும்போதுதான் பக்தியின் திருவுருவம் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஒருவர், தமிழ் நாடகத்தின் முதல் வரிசையில் தமக்குரிய இடத்தைப் பெறுவார்.