உருவப்படமும் பெயரும்: ஜூலியா மார்கிரட் கமரனின் இலங்கைப் படங்கள்

நல்ல உருவப்படத்தின் இலக்கணம் யாது என்னும் வினாவுக்கு ஒளி, வில்லை, பின்னணி என்பவற்றைக் கொண்டு விடை கூறுவதே பெருவழக்கு. இவை இன்றியமையாதனவே. எனினும், படமெடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையிலான உறவே இவற்றினும் அடிப்படையானது என்பதை, இங்கிலாந்திலும் இலங்கையிலும் படமெடுத்த ஜூலியா மார்கிரட் கமரனின் (1815–1879) ஆக்கங்களை ஒப்புநோக்குமிடத்து உணரலாம்.

1863ஆம் ஆண்டின் இறுதியில், தமது 48ஆவது வயதில், மகள் அளித்த கமெராவுடன் இத்துறையிற் புகுந்தவர் கமரன். ஹேர்ஷெல், கார்லைல் ஆகியோரை 1867இல் அவர் எடுத்த படங்களில், இருண்ட பின்னணியிலிருந்து முகம் ஒன்றே எழுந்து சட்டத்தை நிறைக்கின்றது. உருவங்கள் கூர்மையாகக் குவியவில்லை எனச் சமகால விமர்சகர் குறைகூறினர். ஆயின், படத்துக்கு இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டிய அக்காலத்தில், அம்மென்மையே அவர்தம் உயிர்ப்பின் தடயமாயிற்று. புகழ்பெற்றோர்க்கு மட்டும் இவ்வணுக்கம் உரியதாயிருக்கவில்லை. பணிப்பெண்ணாகிய மேரி ஹில்லியர் மரியன்னையாக வேடந்தாங்கிய படங்களிலும் அவரது முகமே மேலோங்கி நிற்கின்றது.

1875இல் கமரன் இலங்கையிற் குடியேறினார். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்றவரான அவரது கணவருக்கு இங்கு கோப்பித் தோட்டங்கள் இருந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பிலேயே அக்காலக் கோப்பிச் செய்கை தங்கியிருந்தது. இங்கு கமரன் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. ஈரத் தகடு உலருமுன் படமெடுத்துக் கழுவி முடிக்கவேண்டிய முறைக்கு வெப்பநாடு இடையூறானதே. ஆனால், அது எண்ணிக்கைக் குறைவை விளக்கலாமேயன்றி, பல படங்களிற் காணப்படும் தூரத்தை விளக்காது. இங்கிலாந்தில் முகத்தை அணுகிய கமெரா, இங்கு பெரும்பாலும் உடலையும் உடையையும் கூட்டத்தையும் நோக்குகின்றது.

களுத்துறையிற் கமரனைச் சந்தித்த ஓவியர் மரியன் நோர்த், 1892இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தி கூறுகிறார். ஒருவரின் முதுகழகில் ஈடுபட்ட கமரன், தோட்டமேதும் இல்லாதிருந்தும் அவரைத் தோட்டக்காரராக அமர்த்துமாறு மகனை வற்புறுத்தினாராம். முகங்களின் கலைஞர் ஒருவர், இங்கு ஒரு மனிதரை முதுகைக்கொண்டு தெரிந்தெடுத்தமை சிந்தனைக்குரியது.

இதனினும் முக்கியமானது 1878ஆம் ஆண்டுக் களுத்துறைக் குடியானவர் படம். சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தம்மை அவளது தந்தை எனவும் நூறு வயதினர் எனவும் கூறுவதாகவும் அதன் குறிப்பு தெரிவிக்கின்றது. ஆகவே, வினா எழுப்பப்பட்டுள்ளது, முதியவரும் விடையளித்துள்ளார். வயதும் உறவும் எழுதப்பட்ட அவ்விடத்திற் பெயர் மட்டும் எழுதப்படவில்லை.

இதனால் கமரனின் கலையாற்றல் பொய்த்துவிட்டது என்பதன்று. அவ்வாற்றல் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்டதன்று என்பதே இதன் பொருள். உருவப்படக் கலை இருவரது பங்களிப்பால் நிறைவுறுவது; எடுக்கப்படுபவர் காட்சிப்பொருளாக ஒடுங்குமிடத்து, ஒளியமைப்பு எத்துணைச் சிறப்புடையதாயினும், எஞ்சுவது ஓர் இனத்தின் மாதிரியேயன்றி மனிதரன்று. நூறு வயதெனத் தம்மைக் கூறிக்கொண்ட அம்முதியவர் இன்றும் பெயரின்றியே அப்படத்தில் வீற்றிருக்கிறார்.